தொடக்கப்பள்ளி ஆசிரியரின் கருத்தும் பணிச்சூழலும்: ஒட்டன்சத்திரம் சமவெளியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அரசு, உள்ளாட்சிப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களின் கருத்து அவர்தம் பணிச்சூழலை மாற்றுவதற்கு எவ்வாறு பயன்பட்டது, எங்கே பயன்படாமல் போயிற்று என்பதை 1882 முதல் இன்றுவரை நிகழ்ந்த சில திருப்பங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. வினாநிரலுக்கான விடை, தேவைப் பட்டியல், சங்கத் தீர்மானம் என்னும் மூன்று வடிவங்களில் ஆசிரியரின் சொல் ஆட்சியாளரிடம் சென்றுள்ளது. சொல்லைப் பெற்றுக்கொண்டவர் அதற்கு விடையிறுக்கும் கடமையும் நிதியும் உடையவராக இருந்தபோது பணிச்சூழல் மாறியது என்பதும், அவை இல்லாதபோது கருத்துக் கேட்பு ஆசிரியருக்கு மேலும் ஒரு வேலையாகவே முடிந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபு. திண்டுக்கல் மாவட்டம் ஒட்டன்சத்திரம் பகுதியின் ஊரகத் தொடக்கப்பள்ளி இவ்வாய்வின் நோக்குநிலையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தொடக்கக் கல்வி, ஆசிரியர் பணிச்சூழல், முப்பயன் திட்டம், பள்ளிச் சீரமைப்பு மாநாடு, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, ஒட்டன்சத்திரம்

முன்னுரை

தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்றைக் கொண்ட ஊர் என்றே ஒட்டன்சத்திரம் வெளியூராருக்கு அறிமுகம். முன்பு மதுரை மாவட்டத்தின் பழனி வட்டத்தைச் சார்ந்திருந்த இப்பகுதி, 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. சந்தையைச் சூழ்ந்த சிற்றூர்களின் பிள்ளைகள் முதலில் கால்வைக்கும் இடம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள் என்பது இத்தகைய பள்ளிகளில் பரவலாகக் காணப்படும் அமைப்பு. ஒருவர் அலுவலகப் பணிக்கோ பயிற்சிக்கோ சென்றால் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே கூரையின் கீழ் நடத்த வேண்டும்.

இந்த ஆசிரியரிடம் அவருடைய பணியின் நிலைமை குறித்து யார், எப்போது, எவ்விதம் கேட்டார்கள் என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கம். கல்வி வரலாற்று நூல்கள் பெரும்பாலும் சட்டங்கள், குழுக்கள், பள்ளிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கூறுகின்றன. ஆசிரியர் அவற்றில் ஒரு தொகையாக இடம்பெறுகிறார். சான்று கூறுபவராக அரிதாகவே தோன்றுகிறார். ‘பணிச்சூழல்’ என்பது இங்கு ஊதியம், ஓய்வுக்காலப் பாதுகாப்பு, மாணவர் எண்ணிக்கை, கட்டடம், குடிநீர், கழிப்பறை, இடமாற்றம், கற்பித்தல் அல்லாத வேலை ஆகிய அனைத்தையும் குறிக்கிறது.

1. சான்று கூறாத ஆசிரியர்: 1882

இந்தியக் கல்வி குறித்து முதன்முறையாகப் பரந்த அளவில் சான்றுகளைத் திரட்டிய அமைப்பு 1882இல் வில்லியம் ஹண்டர் தலைமையில் அமைந்த கல்விக் குழு. மாகாணந்தோறும் தனிக்குழுக்கள் அமைந்து, முன்னரே வகுத்த வினாக்களுக்கு விடைகளைப் பெற்றன. சென்னை மாகாணத்தின் சார்பில் கிறித்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லரும் மாநிலக் கல்லூரியின் பூ. அரங்கநாத முதலியாரும் குழுவில் இருந்தனர். சான்று கூறியோருள் சமயப்பரப்புநர்கள், கல்லூரி ஆசிரியர்கள், ஆய்வாளர்கள், அலுவலர்கள், நகரப் பெரியோர் ஆகியோர் மிகுதி. திண்ணைப் பள்ளியிலும் உதவிபெறும் சிற்றூர்ப் பள்ளியிலும் கற்பித்தவர் அந்த அவையில் ஏறக்குறைய இல்லை எனலாம்.

அக்காலத்துச் சிற்றூர் ஆசிரியரின் வாழ்வைத் தீர்மானித்தது தேர்ச்சி மானிய முறை. பள்ளி ஆய்வாளர் குறித்த நாளில் வந்து ஒவ்வொரு மாணவரையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதிப்பார். தேறிய தலைகளுக்கு ஏற்பவே மானியம் வரும். அம்மை பரவிய ஆண்டிலும் அறுவடைக் காலத்திலும் மாணவர் வராவிட்டால் இழப்பு ஆசிரியருடையது. ஹண்டர் குழு கல்லூரிகளுக்கு இம்முறை பொருந்தாது என்றது. தொடக்கப்பள்ளிகளுக்கு அதனை ஏற்றது. எவருடைய பிழைப்பு இதனால் நேரடியாக ஆட்டங்கண்டதோ அவர் சான்று கூறாத அவையில் இம்முடிவு எடுக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. 1904ஆம் ஆண்டின் இந்தியக் கல்விக் கொள்கைத் தீர்மானம் இம்முறையைக் கைவிடச் சொன்ன பின்னரே மாற்றம் வந்தது. அதாவது, இடையில் இரு பதின்மங்கள் கடந்தன.

இக்காலத்தில் பள்ளிக்கும் மேலிடத்துக்கும் இடையே இருந்த எழுத்துத் தொடர்பு ஆய்வாளரின் பார்வைக் குறிப்பே. அதில் எழுதுபவர் ஆய்வாளர். படித்துத் திருந்த வேண்டியவர் ஆசிரியர். சொல் மேலிருந்து கீழே மட்டுமே வந்தது. பின்னாளில் வந்த ஏற்பாடுகள் அனைத்தையும் இந்தத் திசையோடு ஒப்பிட்டே மதிப்பிட வேண்டும்.

2. ஒரே ஆண்டில் இரு வழிகள்: 1953

விடுதலைக்குப் பிந்தைய சென்னை மாநிலத்தில் 1953ஆம் ஆண்டு இரண்டு நேரெதிர் நடைமுறைகளைக் காட்டுகிறது. முதலாவது, முதலமைச்சர் இராசகோபாலாச்சாரி ஊரகத் தொடக்கப்பள்ளிகளில் கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம். எதிர்ப்பாளர் இதனைக் குலக்கல்வித் திட்டம் என்றனர், அப்பெயரே நிலைத்தது. மாணவர் நாளொன்றுக்கு ஒரு வேளை மட்டும் பள்ளிக்கு வருவர். மறுவேளை பெற்றோரின் தொழிலைக் கற்பர். மாணவரின் பள்ளி நேரம் குறைந்தது. ஆனால் இரு வேளைகளிலும் இரு குழுக்களாகப் பிள்ளைகள் வந்ததால் ஆசிரியர் இரு வேளையும் கற்பித்தார். சாதி அடிப்படையிலான இதன் விளைவு குறித்து எழுந்த எதிர்ப்பு நன்கு ஆராயப்பட்டுள்ளது. கற்பிக்கும் ஆசிரியரின் கருத்தைப் பெறாமலேயே அவருடைய வேலைநாளை இத்திட்டம் மாற்றியமைத்தது என்னும் கூறு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. நடைமுறைக்கு வந்த பிறகுதான் அதனை ஆராயப் பருலேகர் தலைமையில் குழு அமைந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. நகராட்சிப் பகுதிகளை விடுத்து ஊர்ப்புறங்களில் மட்டும் செயல்பட்ட திட்டம் இது என்பதால், ஒட்டன்சத்திரம் போன்ற வேளாண் பகுதிகளே இதன் களமாயின.

இரண்டாவது, ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு. 1952இல் அமைக்கப்பட்ட இக்குழு விரிவான வினாநிரலை அனுப்பியும் மாநிலங்களுக்கு நேரில் சென்றும் கருத்துகளைத் திரட்டி, 1953இல் அறிக்கை அளித்தது. ஆசிரியரின் பொருளியல் நிலை அவ்வறிக்கையில் தனியிடம் பெற்றது. ஓய்வூதியம், சேமநிதி, காப்பீடு ஆகிய மூன்றையும் இணைத்து வழங்கும் முப்பயன் திட்டத்தை அது பரிந்துரைத்தது. அதற்கு முன் உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு வேலை ஓயும் நாளில் சிறு சேமநிதித் தொகையன்றி வேறு பற்றுக்கோடு அரிது.

1955இல் சென்னை மாநிலம் முப்பயன் திட்டத்தைச் செயல்படுத்தி, இந்திய மாநிலங்களுக்கு முன்னோடியாயிற்று. குழு ஆராய்ந்தது இடைநிலைக் கல்வியை. பயனோ தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் கிட்டியது. ஆசிரியர் சங்கங்கள் நெடுங்காலமாக எழுப்பி வந்த கோரிக்கை, வினாநிரலின் வழியே ஒரு குழுவின் பரிந்துரையாகி, நிதி ஒதுக்கும் அதிகாரமுள்ள அரசின் ஆணையாயிற்று. கேட்டல், பரிந்துரைத்தல், நிதியளித்தல் ஆகிய மூன்றும் சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து நிகழ்ந்தமையே இதன் சிறப்பு.

3. பட்டியலான சொல்: பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்

ஆசிரியரின் சொல் வேறொரு வடிவம் கொண்டது பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில். 1958இல் செங்கற்பட்டு மாவட்டக் கடம்பத்தூரில் முதல் மாநாடு கூடியது. பின்னர் மாநிலமெங்கும் இம்மாநாடுகள் பரவின. செயல்முறை எளிது. ஒவ்வொரு பள்ளியின் தேவையும் முன்கூட்டியே பட்டியலிடப்படும். கரும்பலகை, மணி, கடிகாரம், இருக்கை, சுற்றுச்சுவர், குடிநீர்ப் பானை, மதிய உணவுக்கான பாத்திரம், கூடுதல் வகுப்பறை என அது நீளும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பீடு உண்டு. ஊரார் தம்மால் இயன்றதை ஏற்பர். மாநாட்டு நாளில், முடிந்த பணிகளும் ஏற்கப்பட்ட பணிகளும் பொதுமக்கள் முன்னிலையில் அறிவிக்கப்படும்.

இதில் ஆசிரியர் முதன்முறையாகத் தம் பள்ளியின் குறையைக் குற்றச்சாட்டாக அன்றித் திட்டமாக எழுத முடிந்தது. கூரை ஒழுகுகிறது என்று மேலிடத்துக்கு முறையிடும்போது, பராமரிக்காத குறை தம்மேலேயே விழலாம் என்ற அச்சம் இருந்தது. அதையே தேவைப் பட்டியலில், இத்தனை ஓடு, இத்தனை ரூபாய் என்று எழுதும்போது அது ஊரின் பொறுப்பாகிறது. பட்டியலுக்கு விடை சொல்ல ஒரு நாளும் ஓர் அவையும் குறிக்கப்பட்டிருந்தன.

இதன் எல்லைகளையும் கூற வேண்டும். முதலாவது, ஊரார் தரக்கூடியவை மட்டுமே பட்டியலில் இடம்பெற்றன. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளை நடத்தும் நிலை, ஊதியம், இடமாற்றம் ஆகியன அதில் இடம்பெற இயலாதவை. அவற்றைத் தீர்க்கும் அதிகாரம் ஊராரிடம் இல்லை. இரண்டாவது, வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டும் பணியும் பல இடங்களில் ஆசிரியர் மேலேயே விழும். பணிச்சூழலைச் சீராக்க வந்த ஏற்பாடு பணியைக் கூட்டவும் கூடும். மூன்றாவது, வசதியுள்ள ஊரின் பள்ளி எளிதில் செழிக்கும். மானாவாரி நிலத்தை நம்பிய ஊரின் பள்ளி பின்தங்கும். ஒட்டன்சத்திரம் சமவெளியில் கிணற்றுப் பாசனம் உள்ள ஊரும் மழையை எதிர்பார்க்கும் ஊரும் அருகருகே உள்ளன. ஆகவே இந்த வேறுபாடு இங்கே பொருட்படுத்தத்தக்கது.

4. ஒன்றியத்திலிருந்து அரசுக்கு: 1981

1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்தின்படி 1960, 1961ஆம் ஆண்டுகளில் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. அதுவரை மாவட்டக் கழகத்தின் பொறுப்பில் இருந்த தொடக்கப்பள்ளிகள் ஒன்றியங்களின் பொறுப்புக்கு வந்தன. ஆசிரியர் தம்மை நியமித்தவர்களின் கண்ணெதிரிலேயே பணியாற்றும் நிலை ஏற்பட்டது. குறையைக் கூறுவதற்கான தொலைவு குறைந்தது. கூறியதற்காகப் பகை கொள்ளப்படும் வாய்ப்பு கூடியது. உள்ளூர் அரசியலாரின் விருப்பு வெறுப்புக்கு ஆசிரியரின் இடமாற்றம் ஆட்படுகிறது என்பது அக்காலத்து ஆசிரியர் சங்க மேடைகளில் தொடர்ந்து ஒலித்த முறையீடு.

இந்நிலையில் தனியொருவர் சொல்ல இயலாததைச் சங்கத் தீர்மானம் சொன்னது. மாஸ்டர் இராமுண்ணி வளர்த்தெடுத்த ஆசிரியர் கூட்டணி முதலான அமைப்புகளின் வட்டார, மாவட்டக் கூட்டங்கள் கோரிக்கைகளைத் தீர்மானங்களாக்கி மேலே அனுப்பின. தீர்மானத்தில் தனியாள் பெயர் இல்லை. எனவே பழிவாங்கப்படுவதற்குரிய ஒருவர் இல்லை. சங்கத்தின் வரலாற்றில் போராட்டங்களே பெரிதும் பேசப்படுகின்றன. அச்சமின்றிக் கருத்துக் கூறுவதற்கான திரையாகவும் சங்கம் செயல்பட்டது என்பது சமமாக முதன்மையானது.

தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இத்திரை இன்றியமையாததாக இருந்ததற்கு அரசமைப்புச் சார்ந்த காரணமும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 171ஆம் பிரிவு சட்டமேலவையின் பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்களை ஆசிரியர் தொகுதிகளுக்கு ஒதுக்குகிறது. ஆனால் வாக்குரிமை உயர்நிலைப் பள்ளித் தரத்துக்குக் குறையாத நிறுவனங்களில் கற்பிப்போர்க்கே உரியது. எண்ணிக்கையில் மிகுந்த தொடக்கப்பள்ளி ஆசிரியர் அத்தொகுதியின் வாக்காளராக இல்லை. தமிழ்நாட்டின் சட்டமேலவை 1986இல் கலைக்கப்பட்டபோது, அவர்கள் ஒருபோதும் நுழையாத வாயிலே மூடப்பட்டது.

ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களை அரசு ஊழியராக்க வேண்டும் என்னும் கோரிக்கை 1981 சூன் 1 முதல் நிறைவேறியது. எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்து இம்முடிவு ஒன்றிய ஆசிரியரின் பணிப்பாதுகாப்பை உறுதியாக்கியது. அதே வேளையில், அவர்கள் அரசு ஊழியர் நடத்தை விதிகளின் வரம்புக்குள் வந்தனர். அரசின் கொள்கையையும் செயலையும் பொதுவெளியில் குறைகூறுவதற்கு அவ்விதிகள் தடை விதிக்கின்றன. கருத்தின் பயனாகக் கிடைத்த பாதுகாப்பு, இனிக் கருத்துக் கூறும் முறைக்கு எல்லை வகுத்தது.

5. கேளாமையின் விலை: 2003

2003 சூலை 2 முதல் நடந்த அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தின்போது ஏறத்தாழ 1.70 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஓய்வூதியம் உள்ளிட்ட பயன்களில் அரசு செய்த குறைப்புகளே இப்போராட்டத்தின் பின்னணி. அரங்கராசன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2003 ஆகஸ்டு 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ அறவுரிமையோ இல்லை என்றது. பெரும்பாலோர் வருத்தக் கடிதம் தந்து பணிக்குத் திரும்பினர். 2003 ஏப்ரல் 1 முதல் பணியேற்றோருக்குப் பங்களிப்பு ஓய்வூதிய முறை நடைமுறைக்கு வந்தது. 1955இல் கிட்டிய பயனின் ஒரு கூறு இவ்வாறு புதிய தலைமுறைக்கு இல்லாமற்போனது. பழைய ஓய்வூதியத்தை முதன்மைக் கோரிக்கையாகக் கொண்டு 2019 சனவரியில் மீண்டும் வேலைநிறுத்தம் நடந்தது.

இவ்விரு போராட்டங்களின் நியாயத்தை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வகுப்பறை மூடப்படும் நாள்களின் இழப்பு ஒன்றியப் பள்ளியை மட்டுமே நம்பிய கூலி வேளாண்மைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே மிகுதி என்பதை மட்டும் கருத வேண்டும். ஒழுங்கான கேட்பு வழி இல்லாதபோது சொல் வேலைநிறுத்தமாக மாறுகிறது. வேலைநிறுத்தத்துக்குச் சட்டம் இடந்தராத நிலையில், கேட்பு வழியை அமைக்கும் கடமை அரசுக்கு மேலும் கூடுகிறது.

6. படிவங்களின் காலம்

கல்வி உரிமைச் சட்டம், 2009 இக்கடமைக்குச் சட்ட வடிவம் தந்துள்ளது. அதன் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைக் கூறிய கையோடு, அவருடைய குறைகள் வகுக்கப்பட்ட முறையில் தீர்க்கப்பட வேண்டும் என்கிறது. 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் மீட்பு, தேர்தல் ஆகியவை தவிர்ந்த கற்பித்தல் அல்லாத பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தத் தடை விதிக்கிறது. தமிழ்நாட்டில் ஆசிரியர் குறைதீர் நாள், குறுவள மையக் கூட்டம், முன்னுரிமை வரிசைப்படி நடைபெறும் இடமாறுதல் கலந்தாய்வு ஆகிய ஏற்பாடுகள் உள்ளன. இவற்றுள் கலந்தாய்வு குறிப்பிடத்தக்கது. இடமாற்றம் குறித்த நெடுநாள் முறையீடு, காலியிடங்களை வெளிப்படையாகக் காட்டி வரிசைப்படி தேர்ந்தெடுக்கச் செய்யும் விதியாக அதில் உருப்பெற்றது. ஒவ்வொருவரின் முறையீட்டையும் தனித்தனியே தீர்ப்பதைவிட, முறையீட்டுக்கான காரணத்தை விதியால் நீக்குவது மேலானது என்பதற்கு இது சான்று.

மறுபுறம், கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை எனப்படும் ‘எமிஸ்’ வழியே வருகை, நலத்திட்டப் பொருள், மதிப்பீடு எனப் பள்ளியின் ஒவ்வொரு செய்தியும் மேலே செல்கிறது. பதிவேற்றும் வேலை கற்பித்தல் நேரத்தை விழுங்குகிறது என்பது இன்றைய ஆசிரியரின் பொதுவான முறையீடு. வரலாற்றில் ஒருபோதும் இத்தனை தகவல் பள்ளியிலிருந்து மேலே சென்றதில்லை. ஆயினும், தகவல் வேறு, கருத்து வேறு. கழிப்பறை உண்டா என்று படிவம் கேட்கும். தண்ணீரின்றி அது பூட்டியே கிடப்பதால் பேருந்தில் வந்துபோகும் ஆசிரியை நாள்முழுதும் நீர் அருந்துவதில்லை என்பதைக் கூறப் பெரும்பாலும் கட்டம் இராது.

வெளிநாட்டு நடைமுறை ஒன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அமெரிக்காவின் வடக்குக் கரோலினா மாநிலம் 2002 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை ஆசிரியர் அனைவரிடமும் பணிச்சூழல் குறித்துப் பெயர் மறைத்துக் கருத்துக் கேட்டு, முடிவுகளைப் பள்ளிவாரியாக வெளியிடுகிறது. போதிய பேர் விடையளித்த பள்ளியின் முடிவே தனியே வெளியாகும். இம்முறையை அப்படியே இங்குப் பெயர்த்து நட இயலாது. இரட்டை ஆசிரியர் பள்ளியில் பெயரை மறைத்தாலும் ஆள் மறைவதில்லை. ஒருவர் தலைமையாசிரியர் என்றால் எழுதியவர் மற்றவரே. எனவே இங்குக் கருத்தின் அலகு பள்ளியாக அன்றிப் பல பள்ளிகளை இணைக்கும் குறுவள மையமாக இருத்தல் வேண்டும். முன்பு சங்கத் தீர்மானம் அளித்த திரையை இது ஓரளவு மீட்டளிக்கும்.

முடிவுரை

மேற்கண்ட வரலாறு நான்கு முடிபுகளுக்கு இட்டுச்செல்கிறது. முதலாவது, கற்பிப்பவர் இல்லாத அவையில் எடுக்கப்பட்ட முடிவு, 1882இலும் 1953இலும் கண்டதுபோல, அவருடைய வேலைநாளை அறியாமலேயே சுமையை ஏற்றியது. இரண்டாவது, முப்பயன் திட்டம் காட்டுவதுபோல, கருத்தைப் பெற்றவரும் நிதியை உடையவரும் ஒரே தொடரில் அமைந்தபோது பயன் விளைந்தது. மூன்றாவது, சீரமைப்பு மாநாட்டின் பட்டியல் முறை வெற்றி பெற்றதற்கு அதன் நாளும் அவையுமே காரணம். உள்ளூரால் தீர்க்கக்கூடியதையும் அரசே தீர்க்க வேண்டியதையும் பிரிக்காமல் விட்டதே அதன் குறை. நான்காவது, சொல்பவருக்குப் பாதுகாப்பு இல்லையெனில் சொல்லே இல்லை.

இவற்றை ஒட்டன்சத்திரம் ஒன்றியத்தில் செயல்படுத்துவதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. குறுவள மையக் கூட்டத்தில் ஆண்டுக்கு இருமுறை, பெயரின்றி, இரண்டு பட்டியல்களை எழுதலாம். பள்ளி மேலாண்மைக் குழுவும் ஊராட்சியும் தீர்க்க வேண்டியவை ஒன்றில் இடம்பெறட்டும். கல்வித்துறை தீர்க்க வேண்டியவை மற்றொன்றில் இடம்பெறட்டும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அலுவலர் யார், எந்த நாளுக்குள் விடை என்பது எதிரே எழுதப்பட வேண்டும். இயலாது என்பதும் விடையே. காரணத்துடன் எழுதப்பட்டால் போதும். அடுத்த கூட்டம் முந்தைய பட்டியலைப் படித்துவிட்டே தொடங்க வேண்டும்.

ஆய்வாளரின் பார்வைக் குறிப்புக்கு ஆசிரியர் விடையெழுதும் வழக்கம் நூறாண்டுகளுக்கும் மேலாக நம் பள்ளிகளில் உள்ளது. ஆசிரியரின் குறிப்புக்கு அலுவலர் விடையெழுதும் வழக்கமே இன்னும் வேரூன்றவில்லை. ஐந்து வகுப்புகளை ஓரறையில் நடத்தும் ஆசிரியரின் பணிச்சூழல் சீராவது, அவ்வறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் கல்விச்சூழல் சீராவதே ஆகும். ஆதலால் இவ்விடையை எதிர்பார்த்திருப்போர் ஆசிரியர்கள் மட்டுமல்லர்.